நறும்பிசின்களும் நோவு தணிக்கும் நெய்களும்

மரத்தின் பட்டை வெட்டுண்ட இடத்துக் கசிந்து, காற்றுப்பட்டு இறுகி நிற்பது பிசின். அப் பிசின்களுள் நறுமணம் உடையன சில. அவற்றைத் தெய்வ வழிபாட்டிற் புகையாக இடுதலும், நோயுற்ற உடம்பிற்கு மருந்தாக்குதலும் மிகப் பழைய வழக்கங்கள். இவ்விரண்டனுள் முன்னையதன் வரலாறு பலரும் அறிந்தது. பின்னையதன் வரலாறோ மயக்கம் மிகவுடையது. குந்துருக்க எண்ணெய், வெள்ளைப்போள எண்ணெய் எனச் சிறு குப்பிகளில் அடைத்து விற்கப்படுவனவற்றை மூட்டு நோவுக்கும் முதுகு நோவுக்கும் வாங்கிப் பூசுவோர் இக்காலத்துப் பலராயினர். பண்டை நூல்கள் புகழ்ந்த மருந்து இதுவே என விற்போர் கூறுவர். பண்டையோர் கையாண்ட பொருளும் குப்பியில் உள்ள பொருளும் ஒன்றோ வேறோ என்பது ஆராயற்பாலது.

ஆராயப் புகுவார்க்கு முதற்கண் இடர் விளைப்பன பெயர்களே. வெள்ளைப்போளம் என்பது அரபு நாட்டின் தென்பகுதியிலும், கடற்கு அப்பால் எத்தியோப்பியா, சோமாலியா ஆகிய நாடுகளிலும் வளரும் முள்மரம் ஒன்றன் பிசின். பெயரில் வெண்மை நிற்பினும் பொருளின் நிறம் செம்மை கலந்த பழுப்பு, சுவை கைப்பு. கற்றாழைச் சாற்றை வற்றக் காய்ச்சிய கரியபோளம் இதனின் முற்றும் வேறு. குந்துருக்கம் என்பது அதே நிலங்களில் வளரும் பிறிதொரு மரத்தின் பிசின். கிறித்தவ வேதத்தின் தமிழ் மொழிபெயர்ப்பிற் 'தூபவர்க்கம்' என நின்றது இதுவே. இம்மரத்தின் இனத்தைச் சேர்ந்த சல்லகி மரம் இந்திய நாட்டின் வறண்ட காடுகளில் உண்டு. அதன் பிசினைச் சித்த மருத்துவர் பறங்கிச் சாம்பிராணி என வழங்குவர். குக்குலு என்பது இராசத்தான், குசராத்து, சிந்து ஆகிய நிலங்களில் வளரும் சிறு முள்மரத்துப் பிசின். அம்மரம் வெள்ளைப்போள மரத்திற்கு உடன்பிறப்புப் போன்ற நெருங்கிய உறவுடையது.

இனி, குங்கிலியம் என்னும் சொல் குக்குலு என்பதன் திரிபாகக் கொள்ளப்படுவது. ஆயினும் தமிழ்நாட்டு மருந்துக் கடையிற் குங்கிலியம் கேட்பார்க்குக் கொடுக்கப்படுவது குக்குலு அன்று. வடநாட்டுச் சாலமரத்தின் பிசினோ, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் வெள்ளைக் குங்கிலிய மரத்தின் பிசினோ ஆம். சொல் ஒரு மரத்தினின்று வேறொரு மரத்திற்குச் சென்று தங்கியது என்க. திருக்கடவூரிற் குங்கிலியத் தூபம் இடுதலையே திருத்தொண்டாக மேற்கொண்டு, நெல் வாங்குதற்கென மனைவியார் கழற்றிக் கொடுத்த திருத்தாலியையும் குங்கிலியப் பொதிக்கே கொடுத்த கலயனாரது வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் வாக்கிற் கற்றோர், அக் குங்கிலியம் எம்மரத்துப் பிசின் என வினவுதல் இயல்பு. பெயரொன்றே கொண்டு அதற்கு விடை கூறல் ஒல்லாது. நாயனாரது அன்பின் திறம் உணர்தற்கு மரத்தின் வகை வேண்டுவதில்லை. மருந்தின் திறம் உணர்தற்கோ மரத்தின் வகையே முதலாவது.

இப்பிசின்களின் வாணிகம் உலக வரலாற்றிற் பேரிடம் பெற்றது. கி.மு. 15ஆம் நூற்றாண்டில் எகிப்து நாட்டை ஆண்ட அத்செப்சுத் என்னும் அரசியார் புந்து என்னும் நாட்டிற்குக் கலங்களை விடுத்து, பிசின்களை மட்டுமன்றி நறும்பிசின் மரங்களையே வேரோடு கூடைகளில் வைத்துக் கொணர்வித்தார். அச்செய்தியைத் தெய்ர் எல்-பகரி என்னும் இடத்துத் தம் கோயிற் சுவரிற் சிற்பமாகவும் செதுக்குவித்தார். கி.பி. 79-இல் எரிமலைச் சீற்றத்தில் மாண்ட உரோம அறிஞர் பிளினி, அலெக்சாந்திரியா நகரிற் குந்துருக்கத்தைத் தூய்மை செய்யும் பட்டறைகளின் காவலை விரித்துரைத்துள்ளார். தொழிலாளரின் அரையாடைக்கு முத்திரை இடுவர். தலைக்கு வலை மாட்டுவர். வேலை முடிந்து வெளியே விடுங்கால் ஆடையின்றியே விடுவர். இத்துணைக் காவல் பொன்னுக்கு இட்டதன்று, மரத்துப் பிசினுக்கு இட்டது என்பதை நோக்குக. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுந்த செங்கடற் செலவு என்னும் கிரேக்கக் கையேடு, சிந்து ஆற்றின் முகத்துவாரத்திலிருந்த பார்பரிக்கான் துறைக்குக் குந்துருக்கம் வந்து இறங்கியதையும், அதே துறையினின்று குக்குலு ஏற்றுமதியானதையும் குறிக்கின்றது. ஒன்று உள்ளே வர மற்றொன்று வெளியே சென்றதாகலின், பண்டை வணிகர் இரண்டனையும் ஒன்றாக மயங்கிற்றிலர் என்பது தெளிவு.

இவ்வாணிகத்தில் தமிழரும் கலந்திருந்தனர் என்பதற்குச் சிறியதாயினும் உறுதியான சான்று ஒன்று உண்டு. ஓமன் நாட்டின் தோபார்ப் பகுதி குந்துருக்கம் விளையும் நிலம். அதன் பழந்துறைமுகமாகிய சும்குரம், இன்று கோர் ரோரி எனப்படும் இடத்தில் அழிபாடாகக் கிடக்கின்றது. அங்கு 2006-இல் இத்தாலிய அகழ்வாளர் எடுத்த பானையோடு ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்துக்கள் காணப்பட்டன. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அவற்றைப் படித்துக் கீரன் என முடியும் ஓர் ஆட்பெயர் எனக் கண்டமை 2012-இல் வெளியாயிற்று. குந்துருக்கம் ஏற்றும் துறையில் ஒரு கீரன் தன் பெயர் பொறித்த கலத்தோடு இருந்தான் எனின், அவன் அப்பிசினைக் கண்ணாற் காணாது மீண்டான் எனல் யாங்ஙனம்?

இனி நோவு தணித்தல் பற்றிய செய்திக்கு வருவாம் எனின், அதற்கு மிக வெளிப்படையான பழஞ்சான்று மருத்துவ நூலில் அன்று, கொலைக்களத்திற் கிடைக்கின்றது. யூதரது தால்முத் என்னும் நூலின் சங்கெத்ரின் பகுதியில், கொலைத்தண்டம் பெற்றுச் செல்வானுக்கு அவன் அறிவு மயங்குமாறு ஒரு குவளை மதுவிற் சிறிது குந்துருக்கம் இட்டுக் கொடுப்பர் என்றும், எருசலேம் நகரத்து உயர்குடிப் பெண்டிர் அதனைத் தாமே முன்வந்து அளித்தனர் என்றும் கூறப்பட்டுள்ளது. இயேசுநாதர் சிலுவையில் அறையப்படும் முன் வெள்ளைப்போளம் கலந்த மதுவை அவர்க்குக் கொடுத்தனர், அவர் அதனை ஏற்கவில்லை என்று மாற்கு எழுதிய சுவிசேடம் கூறும். இரண்டு செய்தியிலும் பிசின் வேறு, நோக்கம் ஒன்று. கொல்லப்படுவானுக்கும் நோவு குறைய வேண்டும் என்னும் இரக்கமே அது. மது தானே மயக்கும் இயல்புடையதாகலின் பிசினால் ஆயது எவ்வளவு என்று பிரித்தறிதல் அக்காலத்தார்க்கு இயலாது. முதல் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவராகிய தியோசுக்கோரிதிசு, நோயில்லாதார் குந்துருக்கத்தைக் குடித்தால் பித்துக்கொள்வர் என எச்சரித்திருத்தலும் ஈண்டு ஒப்புநோக்கத் தக்கது. இப்பிசின் உள்ளத்தையும் தாக்கும் என்று அக்காலத்தார் கருதினர் என்பது இதனாற் புலனாம்.

பாரத நாட்டில் அதர்வ வேதம் குக்குலுவின் மணம் நோய்களை ஓட்டும் என்று கூறி, சிந்து நாட்டது எனவும் கடல்வழி வந்தது எனவும் இருவகை வகுக்கின்றது. மேலே காட்டிய கிரேக்கக் கையேட்டிற்குப் பல நூற்றாண்டு முற்பட்ட இவ்வேதக் கூற்றில் அவ்வாணிகத்தின் சுவடு தோன்றுதல் வியப்பு. ஆயுர்வேத மருத்துவர் குக்குலுவை மூட்டுவாதத்திற்கு உள்மருந்தாகக் கொடுத்து வருகின்றனர். சித்த மருத்துவத்திற் குங்கிலிய வெண்ணெய் புகழ்பெற்றது. குங்கிலியத்தைப் பொடித்து நல்லெண்ணெயில் உருக்கி, நீரில் ஊற்றிப் பலகாற் கழுவிக் கடைய, அது வெண்ணெய் போலத் திரளும். தீச்சுட்ட புண்ணுக்கும் மூலத்தின் எரிச்சலுக்கும் அதனைப் பூசுவர். இம்மருந்தின் செய்ம்முறையிற் பிசின் முழுவதும் எண்ணெயிற் கரைந்து நிற்கின்றது, ஒரு கூறும் ஆவியாகப் பிரிக்கப்படவில்லை என்பதை நினைவிற் கொள்க. ஆராய்ச்சியின் முடிச்சு இவ்விடத்தேதான் உள்ளது.

தைலம் என்னும் சொல் திலம் என்பதன் அடியாகப் பிறந்தது. திலம் என்பது எள். எண்ணெய் என்னும் தமிழ்ச்சொல்லும் எள்ளின் நெய் என்றே விரியும். ஆகவே பண்டை நூல்கள் நறும்பிசின் தைலம் என்று கூறுமிடத்து எள்நெய் முதலிய கொழுப்பு நெய்யிற் பிசினைக் காய்ச்சியோ ஊறவைத்தோ எடுத்ததனையே பெரும்பான்மையும் கருதின. எகிப்தியரும் கிரேக்கரும் கையாண்ட நறுநெய்களும் அத்தகையனவே. இக்காலத்துக் குப்பியில் உள்ளதோ அவ்வாறன்று. பிசினை நீராவியோடு வாலையில் ஏற்றி, ஆவியாகப் பறந்து குளிர்ந்து இறங்கும் நெய்யை மட்டும் நீரின்மேலிருந்து பிரித்தெடுப்பது அது. வாலையில் நறுமணம் வடிக்கும் கலையைக் கி.பி. 9ஆம் நூற்றாண்டில் அல்கிந்தி என்னும் அரபு அறிஞர் ஒரு நூலாகவே எழுதினார். ஐரோப்பாவில் அக்கலையைப் பலரறியப் பரப்பிய புருன்சுவிக்கின் நூல் 1500-இல் இசுத்திராசுபுர்க்கு நகரில் அச்சேறிற்று. சித்த மருத்துவரும் வாலையையும் குழித்தைலத்தையும் அறிவர். ஆயினும் குழித்தைலம் பொருளை நெருப்பிற் கருக்கி இறக்குவதாகலின் அதுவும் வேறொரு வகை. மூன்று முறையினும் இறங்குவது எண்ணெய் என்னும் ஒரே பெயராற் குறிக்கப்படுகின்றது. பொருளோ மூன்று.

வாலையில் ஏறுவது எது, ஏறாது தங்குவது எது என்பதை இக்காலத்து வேதியியல் தெளிவுறக் காட்டியுள்ளது. குந்துருக்க மரங்களின் பிசின் 100 பங்கில் ஏறத்தாழ 5 முதல் 9 பங்கே வாலையில் ஏறி நெய்யாக இறங்கும். எஞ்சிய பெரும்பகுதி பாண்டத்தின் அடியிலே நிற்கும். மணத்தைக் கொடுப்பன பைனீன், லிமொனீன் முதலிய நுண்பொருள்கள், அவற்றின் அணுத்திரள் ஒவ்வொன்றிலும் 10 கரியணுக்களே உண்டு, எளிதிற் பறக்கும். இப்பிசினின் மருந்தாற்றலுக்குக் காரணம் எனப் பெரிதும் பேசப்படுவன 1898-இல் திசிர்க்கு, ஆல்பே என்போர் பிரித்தெடுத்த பாசுவெல்லிக் அமிலங்கள். அவற்றின் அணுத்திரளிற் 30 கரியணுக்கள் உண்டு. எடை பைனீனின் எடையினும் மூன்று மடங்கிற்கு மேற்பட்டது. அவை நீராவியோடு ஏறுவனவல்ல.

இவ்வமிலங்களைப் பற்றிய ஆராய்ச்சியில் இந்திய அறிஞரின் பங்கு பெரிது. சம்முவில் இருந்த வட்டார ஆராய்ச்சிக் கூடத்தைச் சார்ந்த சிங், அடல் என்போர் சல்லகிப் பிசினின் சாறு வீக்கத்தைத் தணிக்கும் என்று 1986-இல் வெளியிட்டனர். அதன்பின் செருமனி நாட்டுத் தூபிங்கன் நகரத்து அறிஞர், வீக்கத்தையும் நோவையும் தூண்டும் சில பொருள்கள் உடம்பில் உண்டாதற்கு வேண்டும் நொதியம் ஒன்றை இவ்வமிலங்கள் தடுக்கின்றன எனக் கண்டனர். நாகபுரியில் முழங்கால் தேய்வுற்ற 30 பேருக்கு 8 கிழமை சல்லகிச் சாற்றையும், வேறு 8 கிழமை வெறும் பொடியையும் மாற்றிக் கொடுத்து நடத்திய ஆய்வு 2003-இல் வெளிவந்தது. சாறு உண்ட காலத்து நோவு குறைந்தது. முழங்கால் மடங்குதலும் நடக்கும் தூரமும் கூடின. ஆயினும் ஊடுகதிர்ப் படத்தில் எலும்பின் நிலை மாறவில்லை. நோவு தணிதல் வேறு, நோய் தீர்தல் வேறு என்பதற்கு இதனினும் நேரிய சான்று வேண்டா. மேலும், இவ்வாய்வு அனைத்தும் வாயால் உண்ணும் சாற்றைப் பற்றியன. இவற்றைக் காட்டி, பாசுவெல்லிக் அமிலம் இல்லாத வாலைநெய்யை விற்றல் ஒருவன் பெயர்ச் சீட்டைக் காட்டி வேறொருவன் கடன் வாங்குதலை ஒக்கும்.

அவ்வாறாயின் குந்துருக்க நெய் பயனற்றதோ எனின், அற்றன்று. சீன அறிஞர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், அந்நெய்யில் உள்ள பைனீன், லினலூல், ஆக்டனால் ஆகிய மூன்றும் தோலின்மேற் பூசப்பட்டபோது எலிகளில் வீக்கத்தையும் நோவையும் குறைத்தமை காட்டப்பட்டது. ஆகவே நெய்க்கும் ஆற்றல் உண்டு. ஆனால் அது வேறு பொருளால், வேறு வழியால் நிகழும் ஆற்றல். எலியிற் கண்டது மனிதரிடத்தும் அவ்வாறே நிகழும் எனத் துணிதற்கு மனிதரிடத்து ஆய்வு வேண்டும்.

வெள்ளைப்போளத்தின் செய்தி இதற்கு மாறானது; கேட்போர்க்கு உவகை தருவது. புளோரன்சு நகரத்துத் தொலாரா என்பாரும் அவருடன் ஆய்ந்தோரும் 1996-இல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். வெள்ளைப்போளம் கொடுக்கப்பட்ட எலிகளைச் சூடேற்றிய தட்டின்மேல் விட, அவை சூடு தாளாது காலை நக்குதற்கு ஆகும் நேரம் நீண்டது. அப்பிசினினின்று பிரித்த பொருள்களுள் பியூரனோயூடெசுமாடையீன், கர்சரீன் என்னும் இரண்டும் நோவைத் தணித்தன. அவற்றுள் முன்னையது மூளையில் அபினியின் கூறுகள் சென்று பற்றும் அதே இடங்களைப் பற்றியது. அபினியின் செயலை மறிக்கும் நலாக்சோன் என்னும் மருந்தைக் கொடுத்தவுடன் வெள்ளைப்போளத்தின் செயலும் ஒழிந்தது. இதுவே அதன் வழி இன்னது எனக் காட்டும் திறவுகோல். இவ்விரண்டு பொருளும் 15 கரியணுவுடைய குழுவைச் சார்ந்தன. பைனீனினும் கனத்தன, பாசுவெல்லிக் அமிலத்தினும் மிக இலேசானவை, வாலையில் ஏறுவன. வெள்ளைப்போள நெய்யின் முதன்மைக் கூறுகளாகவே அவை காணப்படுகின்றன. ஒரே நிலத்திற் பிறந்து, ஒரே ஒட்டகத்தின் முதுகிற் சென்று, ஒரே பீடத்திற் புகைந்த இரு பிசின்களும் வாலையின் வாயிலிற் பிரிகின்றன: ஒன்றன் பேசப்படும் மருந்து அடியில் தங்க, மற்றொன்றன் மருந்து மணத்தோடு மேலே செல்கின்றது. கொலைக்களத்து மதுவில் வெள்ளைப்போளம் இட்டோர் வீணே இட்டிலர் என்று கொள்ளுதற்கு இவ்வாய்வு இடந்தருகின்றது. எனினும் குப்பியில் உள்ள சில துளிகள் அபினிக்கு ஈடாம் என்று கருதுவது இவ்வாய்வு சொல்லாததொன்று.

பிசினின் நெய்களுள் நோவுக்குப் பூசுதலில் மிகப் பரவியது உண்மையில் இவ்விரண்டும் அல்ல. கடைகளிற் கற்பூரத் தைலம் என வழங்கும் டர்ப்பன்டைனே அது. பெயரிற் கற்பூரம் நிற்பினும் அது சரளம் எனப்படும் பைன் மரப் பிசினை வாலையில் வடித்த நெய். அது தோலைக் காந்தச் செய்து, அக் காந்தலால் உள்ளிருக்கும் தசைநோவை உணரவொட்டாது மறைக்கும். தோலின் காந்தல் அடங்கினால் மறைந்த நோவு மீளவும் தோன்றும். இதனை உட்கொண்டால் நஞ்சு. குழந்தைகள் கைக்கு எட்டுமிடத்து வைத்தல் ஆகாது. வாலைநெய் எதனையும் வேறு எண்ணெய் கலவாது தோலிற் பூசுதலும் கூடாது. நெடுநாள் திறந்து கிடந்த நெய்யிற் பைனீன், லிமொனீன் முதலியன காற்றாற் சிதைந்து தோலில் தடிப்பையும் அரிப்பையும் உண்டாக்கும். கருவுற்ற மகளிர் வெள்ளைப்போளத்தை மருந்தாக உட்கொள்ளலாகாது என்பதும் அறிக.

திருக்கோயிற் புகையைப் பற்றியும் ஒன்று கூறுதல் தகும். எருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்து அறிஞர் 2008-இல், குந்துருக்கத்தில் உள்ள இன்சென்சோல் அசிட்டேட்டு என்னும் பொருள் எலிகளின் அச்சத்தையும் சோர்வையும் தணித்ததாகக் கண்டனர். தோலில் இளஞ்சூட்டை உணர்தற்குரிய ஒரு வாயில் மூளையிலும் உண்டு. அதனை இப்பொருள் திறக்கின்றது. அவ்வாயில் இல்லாத எலிகளிடத்து அது ஒன்றும் செய்யவில்லை. இது நோவைப் பற்றியதன்று, உள்ளத்தின் கலக்கத்தைப் பற்றியது. தூபத்தின் பயன் இவ்வளவே எனக் கொண்டு வழிபாட்டை வேதியியலுள் அடக்க முயல்வாரும் உளர். புகையால் மனம் அமைதியுறுதல் உடம்பின்பாற் பட்டது. வழிபடுவோன் நாடுவது அதனின் வேறு. எலிக்கும் அவ்வமைதி எய்துகின்றமையின் இவ்வேறுபாடு தானே விளங்கும். மூடிய அறையிற் பெரும்புகை நுரையீரலுக்குத் தீங்கு என்பதும் மறத்தற்குரியதன்று.

நெய்யின் விற்பனை பெருகப் பெருக மரங்கள் படும் பாடு பெரிது. இராசத்தானிலும் குசராத்திலும் குக்குலு மரங்களைப் பிசின் மிகுதி வேண்டி ஆழ வெட்டியும், வெட்டுவாயில் வேதிப் பொருள்களைப் பூசியும் வடிக்க, அவை பட்டுப்போயின. அம்மரம் உலக இயற்கைக் காப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அழிவின் விளிம்பில் நிற்பவற்றுள் ஒன்றாக இப்போது வைக்கப்பட்டுள்ளது. எத்தியோப்பியா முதலிய நாடுகளிற் குந்துருக்கம் பெரும்பான்மையும் தரும் மரத்தினத்தை ஆய்ந்து போங்கர்சு முதலியோர் 2019-இல் வெளியிட்ட கட்டுரை, அதன் விளைவு அடுத்த 20 ஆண்டில் பாதியாகக் குறையும் எனக் கணிக்கின்றது. அவர்கள் கண்ட காடுகள் பலவற்றில் நிற்பன முதிய மரங்களே. பல பத்தாண்டுகளாக ஒரு கன்றும் மரமாகவில்லை. கால்நடை மேய்தலும், தீயும், ஓய்வு கொடாது பட்டையை வெட்டுதலும் அதற்குக் காரணம் என்பர். அளவின்றி வெட்டுண்ட மரம் விடும் விதைகள் குறைந்து, அவற்றுள் முளைப்பனவும் சிலவாதல் வேறு ஆய்வுகளிலும் காணப்பட்டது. ஒருமுறை வடித்தபின் சில ஆண்டு மரத்தை ஓய்வாக விடும் வழக்கம் பிசின் எடுப்போரிடத்து முன்பு இருந்தது. நெய்யின் விலை ஏறியபின் அவ்வழக்கம் பல இடங்களிற் கைவிடப்பட்டது.